குழாய்க்குள் குடியேறும் மட்டிகள்: குடிநீர், மின் நிலையங்களைத் திணறடிப்பது எப்படி? தடுக்க என்ன வழி?

பார்த்தால் விரல் நகம் அளவுதான் இருக்கும். கடிக்காது, கொட்டாது, ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டால் பெரிதாக நகரவும் செய்யாது. ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒரு ஊரின் குடிநீரையே நிறுத்திவிடும்.

2024 அக்டோபரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஸ்டாக்டன் துறைமுகம் அருகே 'தங்க மட்டி' கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் இந்த இனம் தென்பட்டது அதுவே முதல் முறை. சுமார் 2.7 கோடி பேருக்குத் தண்ணீர் தரும் மாநில நீர்த் திட்டம் அந்த டெல்டா பகுதியில் இருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. செய்தி வந்ததும் நீர்வளத் துறை பதறியதற்குக் காரணம் அதுதான்.

யார் இந்த மட்டிகள்? குழாய்க்குள் எப்படி நுழைகின்றன? குளோரின் ஊற்றினால் செத்துவிடாதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த மட்டிகள் தொல்லை தருகின்றன?

மட்டி, ஆழி, சிப்பி என்று நம்ம கடலோரத்தில் ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'மஸல்' எனப்படும் இவற்றில் பெரும்பாலானவை அந்தந்த ஊருக்கு நன்மை செய்பவைதான். வேறு ஊரில் இருந்து வந்து, தின்பதற்கு எதிரி இல்லாமல் பெருகும் சில இனங்கள்தான் பிரச்சனை.

• ஸீப்ரா மட்டி: கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்தது. ஓட்டில் வரிக்குதிரை போலக் கோடுகள் இருக்கும். 1988-ல் அமெரிக்கா – கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது.

• குவாகா மட்டி: ஸீப்ராவின் நெருங்கிய சொந்தம். உக்ரைன் பக்கத்து ஆறுகளில் இருந்து வந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் மீட் ஏரியில், அதாவது ஹூவர் அணைக்குப் பின்னால் உள்ள நீர்த்தேக்கத்தில் தென்பட்டது.

• தங்க மட்டி: சீனா, தென்கிழக்கு ஆசியா இதன் பூர்வீகம். 1991-ல் அர்ஜென்டினாவில் கால் வைத்தது. அங்கிருந்து பரானா ஆற்றில் ஏறி, பிரேசில் – பராகுவே எல்லையில் உள்ள பிரம்மாண்டமான இதைப்பு நீர்மின் அணை வரை போய்விட்டது.

கண்டம் விட்டுக் கண்டம் எப்படி வந்தன? பெரும்பாலும் கப்பலில்தான். சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் இருக்க, அதன் தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவார்கள். இதற்கு பேலஸ்ட் தண்ணீர் என்று பெயர். ஒரு துறைமுகத்தில் ஏற்றிய அந்தத் தண்ணீரை இன்னொரு துறைமுகத்தில் கொட்டும்போது, அதில் இருக்கும் மட்டிக் குஞ்சுகளும் சேர்ந்தே இறங்கிவிடும்.

குழாய் ஏன் இவற்றுக்கு அவ்வளவு பிடிக்கிறது?

ஒரு பெண் ஸீப்ரா மட்டி ஒரு பருவத்தில் 10 லட்சம் முட்டை வரை விடக்கூடியது. முட்டையில் இருந்து வரும் லார்வா கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். இரண்டு, மூன்று வாரங்கள் தண்ணீரோடு மிதந்து போகும். பிறகு ஓடு கனமாகி, ஒட்ட இடம் தேடும்.

இந்தச் சமயத்தில்தான் பம்பு அதை உள்ளே இழுக்கிறது. குப்பையைத் தடுக்கும் கம்பி வலையோ, சல்லடையோ இவ்வளவு சின்ன உயிரை நிறுத்தாது.

உள்ளே போன லார்வாவுக்குக் குழாய் ஒரு சொர்க்கம். வெயில் இல்லை. மீனோ, வாத்தோ வந்து தின்னாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் சாப்பாடும் ஆக்சிஜனும் வீடு தேடி வரும். உடம்பில் இருந்து பசை போன்ற நூல்களை விட்டுச் சுவரில் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன் ஓட்டின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காக வளரும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மின் நிலையத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 7 லட்சம் மட்டிகள் வரை இருந்ததாகப் பதிவு உள்ளது. ஒரு கட்டில் அளவுகூட இல்லாத இடத்தில் 7 லட்சம்!

குடிநீர் நின்றுபோன ஊர்

அதே மிச்சிகனில் மன்றோ என்று ஒரு நகரம். ஈரி ஏரியில் இருந்து குடிநீர் எடுக்கிறது. ஸீப்ரா மட்டி கண்டுபிடிக்கப்பட்ட அடுத்த ஆண்டே, 1989 இறுதியில், நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயில் மட்டிகளும் பனிக்கட்டியும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. சுமார் இரண்டு நாள் ஊருக்கே தண்ணீர் இல்லை. பள்ளிகள், உணவகங்கள், தொழிற்சாலைகள் எல்லாம் பாதிக்கப்பட்டன.

மின் நிலையங்களுக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. 1980 செப்டம்பரில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் உள்ள அணுமின் நிலையத்தின் 2-வது அலகு நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு தொடர்பான குளிரூட்டிகளுக்குப் போக வேண்டிய தண்ணீர் குறைந்திருந்ததே காரணம். திறந்து பார்த்தால், ஆசியாவில் இருந்து வந்த வேறொரு வகைச் சிப்பி அடைத்திருந்தது. மற்ற அணுமின் நிலையங்களும் தங்கள் குழாய்களைச் சோதிக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அறிவுறுத்தியது.

ஒரு நிலையத்தில் எங்கெல்லாம் ஆபத்து?

பெரிய குழாயில் அடைப்பு வந்தால் பம்பின் அழுத்தம் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே தெரியாத இடங்கள்தான் அதிக ஆபத்து.

• தீயணைப்புக் குழாய்கள்: எப்போதாவதுதான் திறப்பார்கள். தீப்பிடித்த அன்றைக்கு வால்வைத் திருகும்போதுதான் உள்ளே ஓடு நிரம்பியிருப்பது தெரியவரும்.

• வெப்பப் பரிமாற்றிகள், கண்டென்சர்கள்: ஒரு அங்குலம் அளவே அகலமுள்ள ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்கள். ஒரு ஓடு போய்ச் சொருகினாலே போதும், அந்தக் குழாய் வேலை செய்யாது.

• அளவுமானிகளுக்குப் போகும் மெல்லிய குழாய்கள்: இவை அடைத்தால் நீர்மட்டம், அழுத்தம் எல்லாமே தப்பாகக் காட்டும்.

• நீர்மின் நிலையத்தின் குளிரூட்டும் குழாய்கள்: டர்பைனுக்கு அணையின் தண்ணீர் தடையில்லாமல் வரும். ஆனால் ஜெனரேட்டரையும் பேரிங்கையும் குளிர்விக்கும் சின்னக் குழாய் அடைத்தால், சூடு ஏறி இயந்திரத்தையே நிறுத்த வேண்டியதுதான்.

குளோரின் ஊற்றினால் செத்துவிடாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். சாகும். ஆனால் நினைத்த மாதிரி உடனே சாகாது.

தண்ணீரில் காரமான ரசாயனம் கலந்தால், வளர்ந்த மட்டி அதை உணர்ந்து ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். சாப்பிடாமல், தண்ணீர் வடிகட்டாமல் நாள்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஒரு நாள் குளோரினைக் கொட்டிவிட்டு மறுநாள் நிறுத்தினால், அது திறந்துகொண்டு பழையபடி வாழ ஆரம்பித்துவிடும். அதனால்தான் பெரிய மட்டிகளைக் கொல்ல, தொடர்ந்து இரண்டு, மூன்று வாரங்கள் குளோரின் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பல நிலையங்கள் இதற்கு வேறு வழியைப் பிடித்துள்ளன. இனப்பெருக்கக் காலம் முழுக்கக் கொஞ்சமான குளோரினை நிறுத்தாமல் கொடுப்பார்கள். பெரிய மட்டியைக் கொல்வது இதன் நோக்கம் கிடையாது. உள்ளே வரும் லார்வா சுவரில் ஒட்டாமல் செய்வதுதான் குறி. லார்வாவுக்கு மூடிக்கொள்ள உறுதியான ஓடு இல்லை என்பதால், கொஞ்சம் மருந்தே போதும்.

குளோரினை விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையும் உண்டு. ஓட்டைத் திறந்து மூச்சு வாங்கும் நேரம் பார்த்து அடுத்த டோஸ் போகும். மட்டி மறுபடி மூடும். இப்படித் திறந்து மூடியே களைத்துப்போகும். மொத்த குளோரின் செலவும் குறையும்.

ஆனால் குளோரினுக்கு ஒரு விலை உண்டு. ஏரி, ஆற்றுத் தண்ணீரில் உள்ள இலைதழைக் கழிவுகளோடு அது சேரும்போது டிரைஹாலோமீத்தேன் என்ற வேதிப்பொருள்கள் உருவாகும். இவை புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புபடுத்தப்படுபவை. அமெரிக்காவில் குடிநீரில் இவற்றுக்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என உச்சவரம்பு இருக்கிறது. அதனால் பல குடிநீர் நிலையங்கள், தண்ணீர் எடுக்கும் இடத்தில் குளோரினுக்குப் பதிலாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுகின்றன.

மின் நிலையத்தில் வேறு சிக்கல். குளிரூட்டிய தண்ணீர் திரும்ப ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிறது. மட்டியைக் கொல்லும் குளோரின் மீனையும் கொல்லும். வெளியே விடும் முன் குளோரினை முறிக்க வேண்டும்; அல்லது அனுமதித்த அளவுக்குள் வைத்திருக்க வேண்டும்.

வேறு என்னென்ன வழிகள் உள்ளன?

1. நுண்வடிகட்டி: 40 மைக்ரான் அளவு துளை உள்ள தானியங்கி வடிகட்டிகள் லார்வாவை வாசலிலேயே நிறுத்தும். சின்னக் குளிரூட்டும் குழாய்களுக்குச் சரிப்படும். ஒரு நகரத்துக்கே தண்ணீர் எடுக்கும் பெரிய குழாய்க்கு இது கட்டுப்படியாகாது.

2. புற ஊதா விளக்கு: தண்ணீர் போகும் வழியில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் லார்வா சாகும், அல்லது ஒட்டும் சக்தியை இழக்கும். ரசாயனமே வேண்டாம். ஹூவர் அணையின் குளிரூட்டும் குழாய்களில் இந்த முறை பயன்படுத்தப்படுகிறது. ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒளி ஊடுருவாது.

3. வெந்நீர்: மின் நிலையத்தில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. கண்டென்சரில் இருந்து வரும் சூடான தண்ணீரையே திருப்பிவிட்டு, 40 டிகிரி செல்சியஸ் அளவில் சுமார் ஒரு மணி நேரம் வைத்தால் ஸீப்ரா மட்டி தாங்காது. ஆனால் அந்தத் தண்ணீரைத் திருப்பிவிடும் குழாய் அமைப்பு நிலையத்தைக் கட்டும்போதே இருக்க வேண்டும்.

4. காயவைத்தல்: குழாயையோ கால்வாயையோ வடித்துக் காயப்போடுவது. செலவு குறைந்த, ஆனால் சப்ளையை நிறுத்த வேண்டிய வழி. தெற்கு கலிஃபோர்னியாவுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் தரும் நீர் வாரியம், 2007-ல் குவாகா வந்த பிறகு கால்வாயை வடித்துக் காயவைப்பது, குளோரின் போடுவது இரண்டையும் கையில் எடுத்தது.

5. பூச்சும் வேகமும்: சிலிக்கோன் பூச்சு பூசினால் மட்டியின் நூலுக்குப் பிடி கிடைக்காது, தண்ணீர் வேகத்திலேயே கழன்றுவிடும். தாமிரம் கலந்த உலோகத்திலும் ஒட்டத் தயங்கும். குழாயில் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் லார்வா ஒட்டுவது கஷ்டம். தேங்கும் மூலையும் வளைவும்தான் அதற்குப் பிடித்த இடம்.

6. பாக்டீரியா மருந்து: சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற மண் பாக்டீரியாவின் ஒரு வகையை, நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் டேனியல் மொல்லாய் குழுவினர் கண்டுபிடித்தனர். இறந்த பாக்டீரியாவையே தண்ணீரில் கலக்கிறார்கள். மட்டி அதைச் சாப்பாடு என்று நினைத்து ஓட்டைத் திறந்தே வைத்திருக்கும். உள்ளே போனதும் குடலைச் சிதைத்துக் கொன்றுவிடும். குறி தப்பாத மருந்து என்றாலும் விலை அதிகம் என்பதால் பெரிய அளவில் பயன்படுத்த முடிவதில்லை.

7. சுரண்டுதல்: முக்குளிப்பவர்கள் இறங்கிச் சுரண்டுவது, உயர் அழுத்த நீரைப் பீய்ச்சுவது. எல்லாம் கைமீறிய பிறகு செய்யும் வேலை இது.

கொன்றுவிட்டால் வேலை முடிந்ததா?

முடியாது. இங்கேதான் பல நிலையங்கள் மாட்டிக்கொள்கின்றன.

லட்சக்கணக்கான மட்டிகள் ஒரே நேரத்தில் செத்தால், நூல் விட்டுப்போய் ஓடுகள் மொத்தமாகக் கழன்று வரும். சுவரில் ஒட்டியிருந்தவரை குழாயைக் கொஞ்சம் சுருக்கியிருந்தவை, இப்போது தண்ணீரோடு பாய்ந்து கண்டென்சரை ஒரே நாளில் அடைத்துவிடும். போதாக்குறைக்கு, செத்த சதை அழுகித் தண்ணீரில் நாற்றமும் சுவைக் கெடுதியும் வரும். அழுகும் இடத்தில் இரும்பும் அரிக்கும்.

அதனால் மட்டி சின்னக் குழாயின் துளையைவிடப் பெரிதாக வளரும் முன்பே சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். வருஷத்துக்கு ஒரு முறை பெரிய அளவில் கொல்வதைவிட, அடிக்கடி சின்ன அளவில் கொல்வதே பாதுகாப்பானது.

வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

மட்டியைக் கண்ணால் பார்க்கும்போது அது வந்து பல மாதம் ஆகியிருக்கும். அதனால் லார்வாவையே தேட வேண்டும்.

மெல்லிய பிளாங்டன் வலையில் தண்ணீரை வடிகட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒளியைத் துருவப்படுத்தும் தகடுகள் பொருத்திய நுண்ணோக்கியில், லார்வாவின் ஓடு சிலுவைக் குறி போட்டதுபோல் பளிச்சென்று மின்னும். தூசிக்கும் லார்வாவுக்கும் வித்தியாசம் அப்போது தெரிந்துவிடும். தண்ணீரில் கலந்திருக்கும் மட்டியின் மரபணுத் துணுக்குகளைத் தேடும் சோதனையும் வந்துவிட்டது.

இன்னொரு வழி ரொம்ப எளிது. சின்னத் தகடுகளைக் கயிற்றில் கட்டி, தண்ணீர் எடுக்கும் இடத்தில் தொங்கவிட வேண்டும். சில வாரத்துக்கு ஒரு முறை தூக்கித் தடவிப் பார்த்தால் போதும். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால், குட்டி மட்டிகள் ஒட்ட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம்.

தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தையும் பார்க்க வேண்டும். ஓடு கட்ட கால்சியம் தேவை. கால்சியம் குறைந்த தண்ணீரில் ஸீப்ரா மட்டி தழைக்காது. ஆனால் தங்க மட்டி அதைவிடக் குறைவான கால்சியத்திலும் பிழைக்கும். "எங்க ஏரியில மட்டி வராது" என்று இத்தனை நாள் நம்பியிருந்த இடங்களுக்கும் கலிஃபோர்னியா செய்தி எச்சரிக்கை ஆனது இதனால்தான்.

முழுசாக ஒழித்த இடம் எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் விரல் விட்டு எண்ணலாம்.

1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், படகுத் துறை ஒன்றில் கருவரி மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் துறைகளுக்குக் கதவு இருந்தது. உடனே கதவை மூடி, உள்ளே இருந்த தண்ணீரில் ப்ளீச்சிங் திரவத்தையும் தாமிர சல்ஃபேட்டையும் கொட்டினார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன. ஆனால் மட்டி ஒழிந்தது.

2006-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மில்புரூக் என்ற கல்குவாரிக் குட்டையில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்து ஸீப்ரா மட்டியை முழுமையாக ஒழித்தார்கள்.

இரண்டு இடத்துக்கும் பொதுவானது என்ன? தண்ணீரை அடைத்துவைக்க முடிந்தது. ஓடும் ஆற்றிலும், கடல் போன்ற ஏரியிலும் இது நடக்காது. மட்டி அங்கே பரவிவிட்டால், அதன் பிறகு அந்தத் தண்ணீரை எடுக்கும் ஒவ்வொரு நிலையமும் ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஸீப்ரா, குவாகா என்ற பெயர்கள் நமக்குப் புதிதாக இருக்கலாம். பிரச்சனை புதிதில்லை.

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் கடலுக்கு அடியில் செல்லும் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகக் குளிரூட்டும் நீரை எடுக்கிறது. அதில் ஒட்டி வளரும் பச்சை மட்டியைக் கட்டுப்படுத்துவது பற்றி அங்கே பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பச்சை மட்டி நம்ம கடலின் சொந்த இனம். ஊடுருவி வந்தது கிடையாது. ஆனால் குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. இங்கேயும் குளோரின்தான் முக்கிய ஆயுதம்.

வெளியில் இருந்து வந்தவையும் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த கருவரி மட்டி, 1967-லேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் பதிவாகிவிட்டது. டார்வினில் ஒழித்த அதே இனம்தான்.

இப்போது சென்னைக்குப் பக்கத்தில் பேசப்படுவது 'காக்கா ஆழி'. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கடலோரங்களைச் சேர்ந்த இந்த மட்டி, கேரளாவின் காயல்களிலும், எண்ணூர் கொசஸ்தலை ஆற்றிலும் பரவியுள்ளது. ஆற்றுப் படுகையைப் பாய் விரித்தது போல மூடிவிடுவதால் இறால் கிடைப்பதில்லை, பிழைப்பே போகிறது என்பது எண்ணூர் மீனவர்களின் குமுறல். பழவேற்காடு வரை பரவிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு வரை போயுள்ளது.

இதே சுற்றுவட்டாரத்தில்தான் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எல்லாம் இருக்கின்றன. மட்டி இன்றைக்கு மீனவரின் வலைக்குத் தொல்லை. கண்காணிக்காமல் விட்டால் நாளைக்குக் குழாய்க்கும் தொல்லையாகலாம் என்பதைத்தான் மற்ற நாடுகளின் அனுபவம் சொல்கிறது.

அப்போ என்னதான் செய்ய வேண்டும்?

• கப்பலில் தடுப்பது: பேலஸ்ட் தண்ணீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் உருவாகி, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மட்டியை ஊருக்குள் வரவிடாமல் தடுக்கும் முதல் கதவு இதுதான்.

• படகில் தடுப்பது: ஒரு ஏரியில் இருந்து இன்னொரு ஏரிக்குப் படகை எடுத்துப்போகும் முன் கழுவு, தண்ணீரை வடி, காயவை என்பது அமெரிக்காவில் எல்லோருக்கும் சொல்லப்படும் விதி. 60 டிகிரி வெந்நீரைப் பீய்ச்சிப் படகுகளைக் கழுவும் சோதனைச் சாவடிகளும் உண்டு.

• நிலையத்தில் தடுப்பது: மட்டி வரும் முன்பே தகடு தொங்கவிட்டுக் கண்காணிப்பது, தீயணைப்புக் குழாய்களை அடிக்கடி திறந்துவிட்டுச் சோதிப்பது, புது நிலையம் கட்டும்போதே மருந்து செலுத்தவும் வடிக்கவும் வழி வைப்பது.

மட்டி மிதந்து வரும் அந்த இரண்டு, மூன்று வாரம்தான் மனிதர்களுக்குச் சாதகமான நேரம். அதற்கு ஓடு பலமில்லை, பிடிமானம் இல்லை, கொஞ்சம் வெளிச்சமோ கொஞ்சம் மருந்தோ போதும். அந்த நேரத்தைத் தவறவிட்டால், அடுத்து பேச வேண்டியது டன் கணக்கில் ஓடு அள்ளும் செலவைப் பற்றித்தான்.